ஞாயிற்றுக்கிழமை யாருமே பிறக்காத ஊர்

"என்ன மார்ச் பதினேழு, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா கடை தொறந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே மருந்துக்கடைப் படியேறுகிறார் அந்த அம்மாள். கடைக்காரர், அதுதான் தன் பெயர் என்பதுபோல, "வாங்கக்கா" என்கிறார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நிற்பவர், ஏதோ வரிசை எண் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று கையிலிருக்கும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அம்மாள் மாத்திரையை வாங்கிக்கொண்டு இறங்கும்போது, வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும் ஒருவரிடம், "ஆகஸ்ட் ஒம்பது, பொண்ணுக்கு விழுந்த முன்பல்லு முளைச்சிடுச்சா?" என்று விசாரிக்கிறார். பாதி முளைத்திருக்கிறதாம்.

ஊரில் பல பேரை அவர் இப்படித் தேதி சொல்லித்தான் கூப்பிடுகிறார். பெயர் கேட்டால் விழிப்பார். "பேரு அவங்க அப்பா அம்மா வச்சது. தேதி நான் வச்சது. நான் வச்சதுதானே எனக்கு ஞாபகம் இருக்கும்?" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் சிரிப்பதில்லை. முப்பத்தோரு வருடமாக இந்த ஊரில் பெரிய உண்மைகளை ஒளித்து வைக்க அந்தச் சிரிப்பைவிடப் பத்திரமான இடம் யாருக்கும் கிடைத்ததில்லை.

நகர அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவு, இரண்டாம் எண் ஜன்னல். அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு. குள்ளமான உருவம், கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அந்தப் பேனாவால் அவர் எழுதிப் பல வருடமாகிறது. ஆனால் அது இல்லாமல் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரில் எழுத்துப்பிழை வருகிறது என்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் தேதியம்மா. நேரில் மேடம், அக்கா. பக்கத்து நாற்காலியில் இருக்கும் திருமணப் பதிவுக்காரர் மட்டும், "என்ன மேடம், இன்னிக்கு எத்தனை பிரசவம்?" என்பார்.

அந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் தனி அறை கொடுத்தார்கள். ஊரிலேயே முதன்முதலாகக் குளிர்சாதனம் வைத்த அறை அதுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே செருப்பு கூடாது. ஆபீசரே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கிழிந்த காலுறையோடு நிற்பார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மேலே பூப்போட்ட துணி உறை. தைத்தது இந்த அம்மாள்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்கள், "இதுக்குள்ள எல்லாம் இருக்காமே?" என்று கிசுகிசுப்பார்கள். அன்றைக்கு அதற்குள் ஒன்றும் இல்லை. பிறகு அது அறையை விட்டு வெளியே வந்து ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்தது, உறை போயிற்று, பக்கத்தில் சாப்பாட்டு டப்பா வந்தது. அப்புறம் எல்லாருடைய பைக்குள்ளும் போய்விட்டது. தனி அறையில் இருந்தவரை அதற்காகச் செருப்பைக் கழற்றினோம். இப்போது அது கையில் இல்லாமல் செருப்பையே மாட்டுவதில்லை.

முன்பெல்லாம் ஜன்னலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப, "ஆபீசர் லீவு" என்பார்கள். வந்தவர் சண்டைக்கு நிற்பார். இப்போது "சர்வர் டவுன்" என்கிறார்கள். யாரும் சண்டை போடுவதில்லை. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "எப்ப சரியாகும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வந்த அதே வருடம், முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. கீழே பதிவேட்டு அறை. நான்கு வருடத்துப் பிறப்புப் பதிவேடுகள் ஒரு வாரம் நனைந்து கிடந்தன. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் தப்பிவிட்டன. தேதிக் கட்டம் பக்கத்தின் வலது ஓரத்தில் இருந்ததால் அது மட்டும் நீலக் குழம்பாகிவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள். எல்லாம் அப்போது ஆறிலிருந்து ஒன்பது வயது. எந்த வருடம் என்பது அட்டையில் இருக்கிறது. எந்த நாள் என்பது எங்கேயும் இல்லை. பெற்றோர் நேரில் வந்து சொல்லலாம் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அலுவலகச் சுவரில் ஒட்டும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்?

வருடக் கடைசிக்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த எந்திரம் கீச்சென்று கத்தும். அடுத்த ஆளுக்குப் போக விடாது. அதைப் பொருத்திக் கொடுத்த ஆளுக்குப் போன் போட்டால், "ஏதாவது ஒரு தேதி போடுங்க மேடம், பின்னாடி மாத்திக்கலாம்" என்றார். இந்த "பின்னாடி" என்பது எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை.

ஆபீசரிடம் போனார். "எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு போட்டுட்டுப் போம்மா."

"அன்னிக்கு லீவு சார்."

"யாருக்கு?"

"பசங்களுக்கு. பொறந்தநாள் அன்னிக்கு கிளாஸ்ல மிட்டாய் குடுக்க வேணாமா?"

ஆபீசர் மேசைக் காலண்டரைப் பார்த்தார். அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. "உன் இஷ்டம்" என்றார்.

இவர் தன் இஷ்டப்படி செய்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய அந்த வருடத்துக் காலண்டரைப் பார்த்து, சிவப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் பள்ளிக்கூடம் நீளமாக மூடியிருக்கும் இரண்டு மாதத்தையும் ஒதுக்கிவிட்டு, மிச்ச நாட்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாகத் தேதி வராமல் பார்த்துக்கொண்டார். நல்ல பெயராகத் தெரிந்தால் கொஞ்சம் நல்ல தேதி. எது நல்ல தேதி என்று கேட்டேன். "இருபத்தொண்ணு, பதினேழு… சொல்றதுக்கே நல்லா இருக்கும்ல?" என்றார். அந்தப் பிள்ளைகளில் யார் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. பெயரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், அடித்தார். எந்திரம் கத்தவில்லை. அதுவே அவருக்குப் பாராட்டுப் போல இருந்தது.

அடுத்த ஜனவரியில் புதுக் காலண்டர் மாட்டினார்கள். அப்போதுதான் அம்மாளுக்கு உறைத்தது. போன வருடம் சனிக்கிழமையாக இருந்த தேதிகளெல்லாம் இந்த வருடம் ஞாயிறாகிவிட்டிருந்தன. அவர் தேடித் தேடிப் பள்ளிக்கூட நாளில் பிறக்க வைத்த பிள்ளைகளில் ஏறக்குறைய இருநூறு பேருக்கு அந்த வருடம் மிட்டாய் கிடையாது. "ஐயய்யோ, நாள் நகருமே!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அப்போதும் பிள்ளைகளுக்குத் தேதி கொடுத்ததே தவறோ என்று தோன்றவில்லை. தப்பான காலண்டரைப் பார்த்துக் கொடுத்துவிட்டோமே என்றுதான் தோன்றியது.

பெற்ற தாய்மார்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். சான்றிதழ் வாங்க வந்தபோது பலர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்கள். "தேதி வேற மாதிரி இருக்கே?" என்றவர்களிடம் இந்த அம்மாள் பயந்துகொண்டே, "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.  பத்து மாதம் சுமந்து, பல்லைக் கடித்துப் பெற்றவள், "அப்ப நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போல" என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சண்டைக்கு நின்று மாற்றிக்கொண்டு போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேர் சொன்ன தேதியிலும் தனக்குச் சந்தேகம் இருப்பதாக அம்மாள் சொல்கிறார்.

அந்தப் பதிவேட்டில் இரட்டைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அக்கா தம்பி என்று நினைத்து ஒருத்திக்குப் பிப்ரவரியும் ஒருவனுக்கு அக்டோபரும் கொடுத்துவிட்டார். இரட்டையரில் ஒருத்தி எட்டு மாதம் மூத்தவள். எந்திரம் மூச்சு விடவில்லை. காலியாக விட்டால்தான் அதற்குக் கோபம் வரும். அபத்தமாக நிரப்பினால் வராது. அந்தக் கணக்கில் அடுத்த வருடம் அக்காவை ஒரு வகுப்பு மேலே போட்டார்கள். அவள் இன்றைக்கும் தம்பியைப் பார்த்து, "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்கிறாள்.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். ஊரும் வளர்ந்து, பிள்ளைகளும் வளர்ந்து, அந்தந்தத் தேதியில் விடிந்ததும் போன் கூவி வாழ்த்துச் சொல்லி, அலுவலகத்தில் கேக் வெட்டி, யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து மடிக்கணினியும் கையுமாக ஒரு பெண் வந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலை. அந்த நான்கு வருடப் பிறப்புகளைத் திரையில் ஒரு படமாகக் காட்டினாள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. எத்தனை பேர் பிறந்தார்களோ அவ்வளவு உயரம். சீப்பு மாதிரி இருந்தது. அந்தச் சீப்பில் ஒவ்வொரு ஏழாவது பல்லும் உடைந்திருந்தது. நடுவில் இரண்டு மாதம் சுத்த வழுக்கை.

"மேடம், இங்க கம்ப்யூட்டர் வந்த வருஷத்துக் காலண்டரை இது மேல வச்சுப் பாத்தேன். அப்படியே பொருந்துது. அதுல ஞாயித்துக்கிழமையா வர்ற எந்தத் தேதியிலயும் உங்க ஊர்ல யாரும் பொறக்கல. எப்படி மேடம்?"

அம்மாள் கொண்டையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "லீவுல்ல" என்றார்.

அந்தப் பெண் திட்டவில்லை. "நீங்க தப்புப் பண்ணல மேடம். காலியா விடக்கூடாதுன்னு சொன்னது சிஸ்டம்" என்று ஆறுதல்கூடச் சொன்னாள். ஆனால் உத்தரவு வந்துவிட்டது. ஆயிரத்து நூற்று முப்பத்தேழு பேர் திரையில் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு கேள்வி: இந்தத் தேதி உண்மையா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். இடது கை விரலை, ரேகை பார்க்கிற சின்னக் கண்ணாடிக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டே வலது கையால் மவுஸை அமுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை நேரம். பதில் வராதவர்களையெல்லாம் "இல்லை" என்று அதுவே எடுத்துக்கொள்ளும்.

"இல்லை" என்றால் அந்த ஆள் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடுவான். ஓட்டுநர் உரிமம், வங்கி, ஆஸ்பத்திரி, வேலை பார்க்கும் இடம், எல்லா எந்திரங்களும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். தேதி ஒத்துப்போகாவிட்டால் அப்படி ஓர் ஆள் கிடையாது. "ஆம்" என்றால், மூலப் பதிவைப் பார்த்துச் சரிபார்த்தேன் என்று இந்த அம்மாள் கைரேகை வைத்ததாக அர்த்தம். மூலப் பதிவோ நீலக் குழம்பு. அந்த "ஆம்" ஒவ்வொன்றும் அவர் பெயரில் விசாரணைப் பட்டியலுக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்து முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கொடுக்காமல் வேலை பார்த்தவர், ஓய்வு உத்தரவுக்குப் பதிலாக விசாரணை உத்தரவோடு வீட்டுக்குப் போவார்.

"தெரியாதுன்னு ஒரு பொத்தான் வைக்கக் கூடாதாம்மா?" என்று அம்மாள் கேட்டார்.

"வச்சா எல்லாரும் அதையேதான் அமுக்குவாங்க மேடம்."

திங்கட்கிழமை மூன்று பேருக்கு "ஆம்" போட்டார். கை வியர்த்து, கண்ணாடிக் கட்டை ரேகை தெரியவில்லை என்று சிவப்பு விளக்குப் போட்டது. துடைத்துத் துடைத்து வைத்ததில் அந்த நாளே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரே ஒருவருக்கு "இல்லை" போட்டார்: ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் சத்தம் போடுகிற ஒரு கணக்கு வாத்தியார். புதன்கிழமை காலையில் அவரே வந்து நின்றார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு எந்திரம் அவரை உள்ளே விடவில்லையாம்.

"இவ்ளோ நேரம் முகத்தைக் காட்டறேன், ஆளே இல்லைன்னு சொல்லுது! நான் இருக்கேனா இல்லையா, சொல்லுங்க மேடம்!"

"இருக்கீங்க சார். இப்பக்கூட கத்தறீங்களே."

"அதை அந்த மிஷின்கிட்ட சொல்லுங்க!"

பக்கத்து நாற்காலியிலிருந்து திருமணப் பதிவுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாருங்க மேடம், என் சீட்ல தப்பு நடந்தா ரெண்டு பேருக்குத்தான் கஷ்டம். உங்க சீட் அப்படியா?"

வீட்டில் கணவரிடம் கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வாடிக்கையாளர் முகத்தில் ஒரு சட்டத்தை மாட்டி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, இது நல்லாத் தெரியுதா?" என்று கேட்பதுதான் தொழில்.

"நாலாவது கண்ணாடி வரைக்கும் கரெக்டா சொல்லுவாங்க" என்றார் ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "அஞ்சாவதுல குழம்பிப் போய், ரெண்டும் ஒண்ணுதாங்கன்னுடுவாங்க. அப்ப நான் ஒண்ணை மாட்டி அனுப்பிடுவேன்."

"தப்பானதா இருந்தா?"

"ஒரு வாரம் தலை வலிக்கும். அப்புறம் கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும். இத்தனை வருஷமா யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல."

அம்மாளுக்கு இது ஆறுதலா, பயமுறுத்தலா என்று புரியவில்லை. எனக்கும்தான்.

புதன்கிழமை மாலை ஆயிரத்துச் சொச்சம் பேருடைய போனிலும் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் பிறந்த தேதி பரிசீலனையில் உள்ளது. வியாழக்கிழமை இரண்டாம் எண் ஜன்னலில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. முப்பத்தேழிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு வரிசை. நானும் போயிருந்தேன், என் பதிவும் அந்தப் பட்டியலில் உண்டா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"நான் எப்ப பொறந்தேன், அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றார் ஒருவர், ஏதோ பஸ் நேரம் விசாரிப்பதுபோல.

ஒரு பெண்மணி கணவனின் கையைப் பிடித்து ஜன்னலுக்கு முன் இழுத்துக்கொண்டு வந்தார். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவர் பொறந்தநாளை ஒரே ஒரு தடவை மறந்துட்டேன் மேடம். இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாரு. இப்ப என்னடான்னா அது இவர் பொறந்தநாளே இல்லையாமே! எழுதிக் குடுங்க. வீட்ல மாட்டி வைக்கணும்."

"அன்னிக்கு உனக்குத் தெரியாதில்ல? அப்ப மறந்தது மறந்ததுதானே?" என்றார் கணவர். அது நியாயமா இல்லையா என்று வரிசை இரண்டாகப் பிரிந்து கொஞ்ச நேரம் பேசியது.

இரட்டையர் வந்தார்கள். தம்பிக்காரன், "ரெண்டு பேரையும் ஒரே நாளாக்கிடுங்க, எங்க போனாலும் சின்னவன்னு மதிக்க மாட்டேங்கறா" என்றான். அக்காக்காரி, "அதெல்லாம் முடியாதுடா, கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றாள். ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே மாதிரி வழித்துச் சீவிய தலை. அம்மாள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் ஆகஸ்ட் ஒன்பது வந்தார், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. அவர் சத்தமே போடவில்லை. "இவளை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னாங்க. நாள் நீங்களே சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாரு. என் பொறந்தநாள்லயே வேணும்னு கேட்டு வாங்கினேன்க்கா. இவ தேதி நிஜம். அது சரி, இப்ப என்னுது பொய்யா? அப்ப இவ யாரோட பொறந்தநாள்ல பொறந்தா?"

"என்னோடதுலப்பா" என்றது தோளில் இருந்தது.

அதற்கு எந்தப் பொத்தானை அமுக்குவது? அன்று மாலை மூடும்போது அம்மாள் பதிமூன்று பேரைத்தான் முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணி. தலைமை அலுவலகத்துப் பெண் உள்ளே வந்து, திரையின் உச்சியிலிருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள். "அனைத்தும்" என்று எழுதியிருந்தது. "இதை டிக் பண்ணிட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினாப் போதும் மேடம். ஆம்னா எல்லாருக்கும் ஆம், இல்லைன்னா எல்லாருக்கும் இல்லை. வாத்தியாரும் இதுலயே வந்துடுவாரு. அரை மணி நேரம் இருக்கு." சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பாவம், அவளுக்கும் மேலிடத்தில் அரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள்.

அப்போது ஜன்னலுக்கு முன்னால் நின்றவர் மின்சார வேலை பார்ப்பவர்; கையில் டெஸ்டர். கூடவே அவருடைய தாயார். அறுபதுக்கு மேல், தையல் எந்திரத்தை விட்டு நேரே எழுந்து வந்தவர்போலத் தோளில் அளவு நாடா. அம்மாளுக்கு அந்தத் தாயைப் பார்த்ததும் ஒரு வெளிச்சம் வந்தது. வரிசையில் இருந்தவர்களில் சாட்சி என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவர்தான்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. இவரை எப்ப பெத்தீங்க? இங்க நவம்பர் இருபத்திரண்டுன்னு இருக்கு."

அந்தத் தாய் மகனைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு உள்ளே தெரிந்த திரையின் கறுப்பு முதுகைப் பார்த்தார். 

"ஞாயித்துக்கெழம" என்றார். "இவங்கப்பா வீட்ல இருந்தாரு, அதனால நல்லா ஞாபகம். வெயிலு தாங்கல. ஜூன் கடைசின்னு நெனைக்கிறேன்."

"அப்புறம் ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?" என்றார் மகன்.

"கம்ப்யூட்டர்ல இருந்து வந்த பேப்பரு. நான் என்ன அதைவிடப் படிச்சவளா?"

"அப்ப ஜூன்தானே? உறுதியா?"

தாயின் முகம் மெல்லக் கலங்கியது. அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "வருஷா வருஷம் நவம்பர்ல எழுப்பி உனக்கு வாழ்த்துச் சொல்லிச் சொல்லி… இப்ப கேட்டா, நவம்பர்லயும் வலி வந்த மாதிரி ஞாபகம் இருக்கேடா."

 ஜூன் என்று திரையில் பொத்தான் இல்லை. நவம்பர் இருபத்திரண்டு, இல்லாவிட்டால் ஜனவரி ஒன்று. இரண்டில் எது உண்மை என்று அந்த எந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ மெதுவாக, "மேடம், அஞ்சாகப் போகுது" என்றார். தலைமை அலுவலகத்துப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாள் "அனைத்தும்" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். இடது கை விரலைத் துடைத்துக் கண்ணாடிக் கட்டையின் மேல் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு, முப்பத்தோரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத காரியமாக, வலது கையால் திரையின் ஓரத்தைப் பிடித்து ஒயர்கள் இழுபட இழுபட அதை வெளியே இருப்பவர்கள் பக்கம் திருப்பினார். கண்ணாடிக்குக் கீழே காகிதம் நுழைக்கிற அரைவட்ட ஓட்டை வழியாக மவுஸை அந்தத் தாயின் கைப்பக்கம் தள்ளினார்.

தள்ளிவிட்டு, கட்டையின் மேலிருந்த விரலை மட்டும் எடுக்காமல், பக்கத்தில் ஒருவர் ரகசிய எண் அழுத்தும்போது நாம் செய்வோமே, அப்படி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.